அனுப்பர்பாளையத்து நாலடுக்குக் கேரியர்: புழங்கிப் பார்த்துச் சொல்கிறேன்

கேரியர் வாங்கப் போகிறவர்கள் விலை கேட்பதற்கு முன்னால் கடைக்காரரிடம் ஒரு சொம்பு தண்ணீர் கேளுங்கள். அடியடுக்கில் முக்கால்வாசிக்குத் தண்ணீரை ஊற்றி, மற்ற அடுக்குகளை அதன்மேல் வைத்து, கொக்கியைப் போட்டு, பைக்கில் மாட்டினால் எவ்வளவு சாயுமோ அவ்வளவு சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் ஒழுகினால் அதை எடுக்காதீர்கள், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி. விளிம்போடு லேசாக ஈரம் தட்டி நின்றுவிட்டால் பரவாயில்லை. ரப்பர் வளையம் இல்லாத அடுக்கில் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. நான் வாங்கிய கடையில் கேட்கிற வேலையே இல்லை. கடைக்கார அண்ணன் தானாகவே தண்ணீர் ஊற்றிச் சாய்த்துக் காட்டினார். "ரசத்தெ நம்பி ஊத்தோணுமல்லங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே வாங்கிவிடலாம் என்று தோன்றியது. ஆனாலும் மற்றதையெல்லாம் பார்த்துத்தான் வாங்கினேன்.

இந்தக் கேரியரில் கம்பெனிப் பேர் எதுவும் கிடையாது. திருப்பூரில் அவினாசி ரோட்டில் இருக்கிற அனுப்பர்பாளையத்தில் வாங்கியது. வெளியூர்க்காரர்களுக்குத் திருப்பூர் என்றால் பனியன். எங்களுக்கு ஏனம் வாங்க வேண்டுமென்றால் அனுப்பர்பாளையம். செம்பு, பித்தளை, எவர்சில்வர் என்று பாத்திரம் செய்வதே அந்த ஊருக்குத் தொழில். பெண்ணுக்குச் சீர் வாங்குகிறவர்கள் சொந்தக்கார ஒரமபரையோடு வந்து இறங்கி, குடமும் அண்டாவும் குத்துவிளக்கும் எடை போட்டு வாங்கிப் போவார்கள். கேரியரும் எடைக்குத்தான். என்னுடையது 1 கிலோ 650 கிராம். கிலோ 780 ரூபாய் என்று போட்டு, சில்லறையைத் தள்ளி 1,280 வாங்கிக்கொண்டார்கள். அடுக்கு நாலு, அகலம் ஒரு சாண் இருக்காது. ஒவ்வொரு அடுக்கிலும் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். மூன்று பேர் வயிறாரச் சாப்பிடலாம், நாலு பேர் அளவாகச் சாப்பிடலாம்.

விலை கூடுதல் என்று நினைப்பவர்கள் தகட்டைக் கவனிக்க வேண்டும். எவர்சில்வரில் 304 என்று ஒன்று இருக்கிறது, 202 என்று ஒன்று இருக்கிறது. 304-ல் குரோமியம் 18 சதவீதமும் நிக்கல் 8 சதவீதமும் இருக்கும். சில பாத்திரங்களில் 18/8 என்று பொறித்திருப்பது அதைத்தான். 202-ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள், அதனால் விலை இறங்கும். புதுசில் இரண்டும் ஒரே மாதிரி மின்னும். காந்தம் ஒட்டினால் மட்டம் என்று பலர் சொல்வார்கள். நிக்கல் இல்லாத 400 வரிசைத் தகட்டைக் காந்தம் காட்டிக்கொடுக்கும், சரி. ஆனால் 202-ஐயும் 304-ஐயும் அது பிரித்துக் காட்டாது. உப்பும் புளியும் மணிக்கணக்கில் நிற்கிற பாத்திரத்துக்கு 304 தான் தாங்கும். அதனால் வாயால் சொன்னால் போதாது, பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எனக்கு எழுதித் தந்தார்கள்.

அம்மா காலத்தில் எங்கள் வீட்டில் பித்தளை அடுக்குதான். உள்ளே ஈயம் பூசியிருந்தால்தான் புளிக்குழம்பு வைக்கலாம். பூச்சு தேய்ந்துவிட்டால் களிம்பேறிக் குழம்பு கெட்டுவிடும். ஈயம் பூசுகிறவர் வீதிக்கு வரும் வரை கேரியர் சும்மா இருக்கும். சேலம் உருக்காலை 1981-ல் எவர்சில்வர் தகடு உருட்டத் தொடங்கியது. எங்கள் வீட்டுப் பித்தளை அடுக்கு பரணுக்குப் போனதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். அதை இன்னும் வைத்திருக்கிறேன், ஆனால் தூக்கிக்கொண்டு நடக்க இப்போது என்னால் முடியாது.

இனி கேரியரைப் பார்ப்போம். கேரியரின் உயிர் இரண்டு இடத்தில் இருக்கிறது: அடுக்கின் விளிம்பிலும் கொக்கியிலும். மலிவான கேரியரில் தகட்டின் ஓரத்தை வெட்டியபடியே விட்டிருப்பார்கள், விரலை ஓட்டினால் கீறும். இதில் ஓரத்தை வெளிப்பக்கமாகச் சுருட்டி மடித்திருக்கிறார்கள். சுருட்டிய ஓரம் கீறாது, கேரியர் கீழே விழுந்தாலும் வட்டம் கோணாது. வட்டம் கோணினால் அப்புறம் எந்த அடுக்கும் எந்த அடுக்கிலும் உட்காராது. ஒவ்வொரு அடுக்கின் அடிப்பாகமும் கொஞ்சம் உள்வாங்கி, கீழடுக்கின் வாய்க்குள் அரை விரல் அளவு இறங்குகிறது. மேலடுக்கே கீழடுக்குக்கு மூடி. தனி மூடி உச்சியில் இருக்கிற அடுக்குக்கு மட்டும்தான். அந்த மூடியைத் திருப்பினால் ஊறுகாய் வைக்கிற சின்னத் தட்டாகவும் ஆகிறது.

கொக்கி இரண்டு பக்கமும் இருக்கிறது. கம்பியை வளைத்து மாட்டுகிற பழைய முறை இல்லை. பட்டையான தகட்டை அழுத்தினால் டக்கென்று உட்காருகிற மாதிரி. அழுத்தக் கொஞ்சம் பலம் வேண்டும். அந்த இறுக்கம்தான் நாலடுக்கையும் சேர்த்துப் பிடிக்கிறது. கைப்பிடிக் கம்பி விரல் கனம் இருக்கும். கம்பியும் சட்டமும் சேர்கிற இடத்தில் வெறும் பற்ற வைப்போடு நிறுத்தாமல் ரிவிட் அடித்திருக்கிறார்கள். இதற்கு முன்னால் ஆன்லைனில் படம் பார்த்து வாங்கிய ஒரு கேரியரில் அந்த இடத்தில் வெறும் பற்ற வைப்புதான். ஒரு நாள் பஸ் ஏறும்போது கைப்பிடி ஒரு பக்கம் விட்டுக்கொண்டது. பருப்பும் சோறும் படிக்கட்டில் போனது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டதற்கு, பொருள் கிடைத்துப் பத்து நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும் என்று பதில் வந்தது. கண்டக்டர் தம்பி தன் தண்ணீர் பாட்டிலை ஊற்றிப் படிக்கட்டைக் கழுவிவிட்டு, "நீங்க உக்காருங்க அக்கா" என்றது இன்னும் நினைவிருக்கிறது. அன்றைக்கு முடிவு செய்ததுதான்: சாப்பாடு சுமக்கிற பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்குவதில்லை.

பேர் வெட்டுவது கடையிலேயே இலவசம். வாசல் ஓரம் ஒரு பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்து மின்சார ஊசியால் வெட்டுகிறார். முன்பெல்லாம் உளியும் சுத்தியலும் வைத்துப் புள்ளி புள்ளியாகத் தட்டுவார்கள். இப்போது ஊசி அதிர்ந்துகொண்டே போகிறது, எழுத்து அதன் பின்னால் வருகிறது. பேப்பரில் எழுதிக் கொடுத்தால் ஒரு தடவை பார்ப்பார், அப்புறம் பேப்பரைப் பார்ப்பதில்லை. சுழி, கொம்பு, புள்ளி எதுவும் தவறவில்லை. அடுக்கு ஒவ்வொன்றையும் மடியில் சாய்த்து, இடது கைக் கட்டைவிரலால் அணை கொடுத்து வெட்டினார். வெட்டி முடித்ததும் தோளில் கிடந்த துண்டால் எழுத்தைத் துடைத்து, வெளிச்சத்தில் ஒரு தரம் சாய்த்துப் பார்த்த பிறகே கொடுத்தார். நாலு அடுக்கிலும் மூடியிலும் அம்மா பேரை வெட்டச் சொன்னேன். "உங்க பேரு வேண்டாங்களா கண்ணு?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

காரணம் இருக்கிறது. அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்தபோது, நான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தேன். எங்கள் வீதியில் யாரும் என்னிடம் "என்ன வேணும்" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் "ஒன்னும் வேண்டாங்க" என்றுதான் சொல்லியிருப்பேன், அது அவர்களுக்குத் தெரியும். காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது திண்ணையில் ஒரு கேரியர் இருக்கும். எதிர்வீட்டு அத்தை ஒரு நாள், பின்வீதி வாத்தியார் வீட்டில் ஒரு நாள், பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிற தங்கச்சி ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து ஒரு நாள். யார் வீட்டிலிருந்து வந்தது என்று அடுக்கில் வெட்டியிருக்கிற பேரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். பேர்களில் பாதி, இப்போது உயிரோடு இல்லாத மாமியார்களுடைய, அம்மாக்களுடைய பேர். சீராக வந்த ஏனங்கள். அம்மா கட்டிலில் படுத்தபடியே அந்தப் பேர்களை வாசித்து, "இவுங்க கைப்பக்குவம் மருமகளுக்கு வந்திருச்சு" என்று சொல்வாள். அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள், கைத்தடி வைத்து நடக்கிறாள். இனி எங்கள் வீட்டிலிருந்து சோறு போகும்போது அந்த ஏனத்தில் அவள் பேர் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அதனால் இந்தக் கேரியரை நான் அளக்கிற அளவுகோல் ஒன்றுதான்: உடம்பு முடியாத வீட்டுக்கு, பிள்ளை பெற்ற வீட்டுக்கு, சாவு விழுந்து அடுப்பு பற்ற வைக்காத வீட்டுக்கு இதில் சோறு கொண்டுபோனால், அவர்கள் பிரித்துச் சாப்பிடும்போது அது சோறாக இருக்கிறதா? குழம்பில் ஊறிய பொரியலும் ஆறிப்போன சாதமுமாக இருந்தால் கொண்டுபோனவருக்கு மனசு ஆறும், சாப்பிடுகிறவருக்கு ஆறாது.

இந்த அளவுகோலில் கேரியர் நன்றாகத் தேறுகிறது, ஆனால் நாமும் அதற்கு ஏற்ற மாதிரி சமைக்க வேண்டும். கேரியருக்கென்றே பிறந்தது எங்கள் ஊர் அரிசிம்பருப்பு. வீட்டில் சாப்பிட ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு, மூன்று டம்ளர் தண்ணீர். கேரியரில் போகிறதென்றால் இன்னும் அரை டம்ளர் தண்ணீர் கூடுதலாக விடுவேன், ஏனென்றால் மூடி வைத்திருக்கிற நேரத்தில் அது தண்ணீரை இழுத்து இறுகிவிடும். கடலெண்ணெயில் கடுகு, சீரகம், ஒன்றிரண்டாகத் தட்டின மிளகு, வரமிளகாய், கறிவேப்பிலை. அப்புறம் சின்ன வெங்காயம் கைநிறைய, பூண்டு பத்துப் பல், ஒரு தக்காளி, மஞ்சள்தூள். உடம்பு முடியாதவர்களுக்கென்றால் மிளகாயை விட்டுவிட்டு மிளகைக் கூட்டுவேன். கடைசியில் ஒரு பிடி தேங்காய்த் துருவல். நெய்யை நான் ஊற்ற மாட்டேன், சின்ன டப்பாவில் தனியாக வைப்பேன். நெய் போட்டுச் சாப்பிடலாமா கூடாதா என்பது அவரவர் டாக்டர் சொல்வது. இதற்குத் தொட்டுக்கொள்ளத் தயிரும் ஊறுகாயும் போதும். நாலடுக்கில் இரண்டு அடுக்கு மிச்சமாகும், அதில் பழமோ பொரியலோ வைக்கலாம்.

கொள்ளுப் பருப்பு நன்றாகப் பயணம் போகும். கீரைக் கடைசல் போகும். இடியாப்பம் மாதிரியான சந்தகை போகும், ஆனால் தேங்காய்ப்பாலைக் கலக்காமல் தனி அடுக்கில் விட வேண்டும். போகாதது தோசை. ஆவி பட்டு நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்பளத்தைக் கேரியரில் வைக்கவே வைக்காதீர்கள், காகிதத்தில் சுற்றி வெளியே வையுங்கள்.

அடுக்குகிற வரிசைக்கு ஆளுக்கொரு கணக்கு இருக்கும். நான் கனமான சோற்றை அடியில் வைக்கிறேன், நிற்க அடிபாரம் வேண்டும். அதற்கு மேல் குழம்பு. சோற்றின் சூடு அதைச் சூடாகவே வைத்திருக்கும். மூன்றாவதில் பொரியல், உச்சியில் தயிரோ பழமோ. ரசத்தை மட்டும் எத்தனை நல்ல கேரியராக இருந்தாலும் அடுக்கில் ஊற்றுவதில்லை. அதற்குத் திருகு மூடி போட்ட சின்னத் தூக்குப்போசி தனியாக வைத்திருக்கிறேன். கடைக்கார அண்ணன் ரசத்தை நம்பி ஊற்றலாம் என்றார், ஊற்றியும் பார்த்தேன், சிந்தவில்லை. ஆனாலும் திருப்பூர் ரோட்டில் இருக்கிற வேகத்தடைகளுக்குத் தூக்குப்போசிதான் சரி.

இன்னொரு விஷயம், கொதிக்கக் கொதிக்க ஊற்றி உடனே கொக்கியை இறுக்கினால், ஆறும்போது உள்ளே ஆவி சுருங்கி மேலடுக்கைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வயசானவர்களால் பிரிக்க முடியாது. விளிம்பு இறுக்கமாக அமைகிற நல்ல கேரியரில்தான் இது நடக்கிறது என்பதால் குறையாகச் சொல்ல மாட்டேன். சோற்றைப் போட்டு ஐந்து நிமிஷம் ஆவி போக விட்டு மூடினால் இந்தத் தொல்லை இருக்காது. அப்படியும் பிடித்துக்கொண்டால் சுடுதண்ணீரில் நனைத்த துணியை விளிம்பைச் சுற்றி வையுங்கள், விட்டுவிடும். நெம்புவதற்குக் கத்தியை எடுக்க வேண்டாம், சுருட்டின ஓரம் நசுங்கிவிடும்.

சூடு எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்பார்கள். இது ஒற்றைத் தகடு. வெற்றிடம் வைத்த இரட்டைச் சுவர் டப்பாக்கள் அளவுக்கு நிற்காது. நம் ஊரிலிருந்து கோயமுத்தூர் பஸ்ஸில் போய்ச் சேருகிற நேரத்துக்கு வெதுவெதுப்பாக இருக்கும். அதற்குமேல் வேண்டுமென்றால் உறை தைத்துக்கொள்ள வேண்டும். சுலபம்தான். பழைய நூல் சேலையில் இரண்டு துண்டு, நடுவில் பழைய டர்க்கி டவல் ஒரு துண்டு. கேரியரின் சுற்றளவுக்கு நாலு விரல் கூடுதலாக வெட்டி, மூன்றையும் சேர்த்துக் கட்டம் கட்டமாகக் கையால் ஓட்டுத்தையல் போட்டால் மெத்தையாக நிற்கும். அடிக்கு ஒரு வட்டத் துண்டு. வாய்ப்பக்கம் மடித்துத் தைத்து உள்பாவாடை நாடாவைக் கோர்த்துவிட்டால் சுருக்குப் பை ஆகிவிடும். அம்மாவுடைய மஞ்சள் சுங்குடிச் சேலை ஒன்று முந்தானை கிழிந்து கிடந்தது, அதில்தான் தைத்தேன். இது போட்டால் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் சூடு நிற்கிறது. கறை பட்டால் துவைத்துக்கொள்ளலாம்.

உறைக்கு மேல் கூடை. கேரியரைக் கையில் தொங்கவிட்டு நடந்தால் ஆடும், பைக்கில் மாட்டினால் இன்னும் ஆடும். ஒயர் கூடையில் வைத்தால் ஆடாது. கடைகளில் கிடைக்கிற கூடையெல்லாம் காய்கறிக்கு அளவெடுத்தது, நீளமாக இருக்கும், நடுவில் வைத்த கேரியர் ஏதாவது ஒரு பக்கம் சாயும். அதனால் நானே போட்டேன். அடிப்பாகம் சதுரம். பின்னத் தொடங்குவதற்கு முன்னால் கேரியரை உறையோடு தரையில் வைத்து, சுற்றிலும் ஒரு விரல் இடம் விட்டு சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டேன். அந்தக் கோட்டுக்குள் அடங்குகிற வரைக்கும் அடிப்பாகத்து முடிச்சுகள், அதைத் தாண்டியதும் சுற்றி மேலே ஏற்ற வேண்டியதுதான். சாதா முடிச்சே போதும். சிவன் கண் முடிச்சும் நெல்லிக்காய் முடிச்சும் பார்க்க அழகு, ஆனால் ஒயர் கூடுதலாகப் பிடிக்கும், அடியில் சமமாகவும் உட்காராது. உயரம் மூன்றாவது அடுக்கு வரை வந்தால் சரி. முழு உயரத்துக்குப் போட்டால் கேரியரை வெளியே எடுக்கக் கை போகாது. கூடையின் கைப்பிடி கேரியரின் கைப்பிடியைவிட நாலு விரல் உயரமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டும் இடித்துக்கொள்ளும். முடித்த ஒயர் நுனிகளை முடிச்சுக்குள் திரும்பச் செருகி, இரண்டு மூன்று முடிச்சு தாண்டி வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் கனம் தூக்கும்போது பிரிந்து வரும். அடியில் ஒரு கெட்டி அட்டை வெட்டிப் போட்டுக்கொள்ளுங்கள், சூடு நேராக ஒயரில் படாது. பச்சையும் வெள்ளையுமாகப் போட்டேன். எதிர்வீட்டு அத்தை பார்த்துவிட்டு அளவெடுத்துக்கொண்டு போனார். அவர் போட்டது சிவப்பும் கறுப்பும்.

கல்யாணப் பத்திரிகைகள் வீட்டில் சேர்ந்துகொண்டே இருக்கும், தூக்கிப் போடவும் மனசு வராது. அவற்றின் வெற்றுப் பக்கத்தை விரல் நீளத்துக்கு வெட்டி வைத்திருக்கிறேன். ஓரத்தில் ஓட்டை போட்டு நூல் கோர்த்துக் கேரியர் கைப்பிடியில் கட்டிவிடுவேன். எந்த அடுக்கில் என்ன, எதில் உப்புக் குறைவு, எதைச் சாயந்திரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று எழுதுவேன். கீழே ஒரு வரி. "நீங்க அன்னைக்கு அனுப்பின பூண்டுக் கொழம்பெ அம்மா இன்னும் சொல்லுது" என்பது போல ஏதாவது ஒன்று. நேரில் சொல்லக் கூச்சமாக இருப்பதையெல்லாம் அந்தத் துண்டில் எழுத முடிகிறது. அத்தை அந்தத் துண்டுகளைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார் என்று நோம்பிக்குப் போனபோது பார்த்தேன்.

ஏனத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் சொல்வது. ஒன்றும் இல்லையென்றால் ஒரு கரண்டி சர்க்கரை, அதுவும் இல்லையென்றால் மரத்தில் இருக்கிற முருங்கைக்காய். என் கேரியர் இதுவரை எங்கெங்கோ போய்விட்டு வந்திருக்கிறது, வெறுமனே வந்ததில்லை. கச்சாயம் வந்திருக்கிறது, ஒப்புட்டு வந்திருக்கிறது, ஒரு தடவை உரித்த பூண்டு ஒரு அடுக்கு நிறைய வந்தது. உரித்துக் கொடுத்திருக்கிறார்களே, அது பெரிய உபகாரம்.

எனக்கு மறக்காதது ஒடிசாவிலிருந்து வந்தது. எங்கள் வீதிக் கடைசி லைன் வீட்டில் ஒடிசாக்காரக் குடும்பம் ஒன்று இருக்கிறது, இரண்டு பேரும் பனியன் கம்பெனியில் வேலை. அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தபோது உதவிக்கு ஊரிலிருந்து யாரும் வர முடியவில்லை. காரமில்லாத அரிசிம்பருப்பும் பூண்டு ரசமும் நாள் விட்டு நாள் கொடுத்தனுப்பினேன். முதல் தடவை கேரியரைத் திருப்பிக் கொண்டுவந்த அவள் வீட்டுக்காரர், கழுவித் துடைத்த அடுக்குகளைத் துண்டில் முடிந்து இரண்டு கையாலும் நீட்டினார், உள்ளே நாலு வாழைப்பழம். இந்த வழக்கத்தை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளைக்குத் தலை நின்ற பிறகு ஒரு நாள் அவளே கேரியரோடு வந்தாள். "அக்கா, எங்க ஊர் மண்டா பிட்டா" என்றாள். திறந்தால், அரிசி மாவுக்குள் தேங்காயும் வெல்லமும் வைத்து ஆவியில் வெந்த உருண்டைகள். நம் பூரணக் கொழுக்கட்டையேதான், ஏலக்காயோடு கொஞ்சம் மிளகும் போட்டிருந்தாள். அம்மா இரண்டு சாப்பிட்டுவிட்டு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, மாவு எப்படிக் கிளறினாய் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழிலும் அம்மாவுக்குத் தெரிந்த கைஜாடையிலும் பேச்சு ஓடியது. மாவு கிளறும்போது தண்ணீரில் கொஞ்சம் உப்பும் வெல்லமும் போடுவாளாம். அடுத்த பிள்ளையார் சதுர்த்திக்கு அப்படித்தான் செய்தோம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கைப்பிடி வெறும் எவர்சில்வர்க் கம்பி, மரமோ பிளாஸ்டிக்கோ சுற்றவில்லை. நாலடுக்கும் நிறைந்தால் கை வலிக்கும், சூடாகவும் இருக்கும். நான் மிச்ச ஒயரைக் கைப்பிடியில் நெருக்கமாகச் சுற்றிவிட்டேன், அதைக் கடையிலேயே செய்து தந்தால் நன்றாக இருக்கும். அடுக்கின் உள்மூலையில் தகடு மடிகிற இடத்தில் பருப்பு ஒட்டிக்கொள்ளும், நார் வைத்துத் தேய்க்க விரல் சரியாகப் போகாது. தண்ணீரில் ஊறப்போட்டால் வந்துவிடும். முக்கியமாக எடை. சோறு நிறைந்தால் நாலு கிலோவைத் தாண்டும். தனியாக இருக்கிற வயசானவர்கள், மூட்டு வலி இருக்கிறவர்கள் இதை வாங்க வேண்டாம். அதே கடையில் இரண்டடுக்கு இருக்கிறது, தகடும் விளிம்பும் இதேதான், அதை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் ஆபீசுக்குத் தனக்கு மட்டும் சாப்பாடு கொண்டுபோகிறவர்களுக்கும் இரண்டடுக்கே போதும். கொக்கியைப் பற்றி முதலில் சொன்னேன். அம்மாவால் அதைத் திறக்க முடிவதில்லை. வயசானவர்கள் இருக்கிற வீட்டுக்கு அனுப்பும்போது யாராவது கூடப் போய்த் திறந்து கொடுப்பது நல்லது.

இன்னொரு உபயோகமும் உண்டு. 2019 ஜனவரி 1-லிருந்து தமிழ்நாட்டில் ஒரு தடவை உபயோகித்துத் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக்குக்குத் தடை. ஆனாலும் ஓட்டலில் பார்சல் கேட்டால் சூடான சாம்பார் கவரில்தான் பல இடங்களில் வருகிறது. நான் கேரியரை நீட்டிவிடுவேன். சிலர் ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றித் தருவார்கள்.

வாங்கப் போகிறவர்கள் பழைய எவர்சில்வர், பித்தளை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். எடைக்கு எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொள்வார்கள். முகூர்த்த நாளுக்கு முந்தின வாரம் சீர் வாங்குகிற கூட்டம் இருக்கும், பேர் வெட்டுகிற பெரியவரிடம் வரிசை நிற்கும். அந்த நாட்களைத் தவிர்த்துவிட்டுக் காலையில் போனால் நிதானமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்து வாங்கலாம். பேரைத் தெளிவாக எழுதி எடுத்துப் போங்கள், இனிஷியலையும் சேர்த்து. மூடியிலும் வெட்டச் சொல்ல மறக்க வேண்டாம். நாலு வீட்டு மூடிகள் ஒரே வீட்டில் சேர்ந்துவிட்டால் எது யாருடையது என்று தெரியாது. எங்கள் வீட்டில் இப்போதே வாத்தியார் வீட்டு மூடி ஒன்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், கூடவே கொஞ்சம் கொள்ளுப் பருப்பும்.